ஜீசொக், அவுட்ரீச்சி, எல்எஃப்எக்ஸ், கம்பெனிப் பயிற்சி: எதற்கு முதலில் விண்ணப்பிப்பது?

கொழும்பில் கணினி படிக்கும் பிள்ளைகளிடம் ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் திறந்து பார்த்து மாற்றக்கூடிய மென்பொருள்) என்று சொன்னால் அடுத்த வார்த்தை ஜீசொக் என்றுதான் வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. ஜீசொக் என்பது கூகுள் சம்மர் ஒஃப் கோட்: தெரிவானவர் ஒரு மென்டரின் (வழிகாட்டியின்) உதவியோடு ஓப்பன் சோர்ஸ் அமைப்பு ஒன்றுக்கு நிரல் எழுத, கூகுள் உதவித்தொகை தரும் திட்டம். அது 2005இல் தொடங்கியது. அதன் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் நம்முடைய மொரட்டுவைதான். அதே காலத்தில் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனிலும் டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் நிறுவனத்திலும் இருந்தவர்கள் இங்கிருந்தே அப்பாச்சி என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பின் திட்டங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் பிறந்த சஹானா பேரிடர் முகாமைத்துவ மென்பொருள், பின்னர் தானே ஜீசொக்கில் மாணவர்களை எடுக்கும் அமைப்பாக வளர்ந்தது. சீனியர் செய்ததைப் பார்த்து ஜூனியர் செய்ய, அவரைப் பார்த்து அடுத்த பட்ச் செய்ய, மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இருக்கும் கட்டுபெத்தையில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்த வழக்கம் எல்லா இடத்திலும் இல்லை. வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருந்துகொண்டு தனியார் கம்பஸில் பட்டம் படிக்கும் பிள்ளைக்கும், உயர்தரம் எழுதிவிட்டு வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கும், மலையகத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ வந்து வகுப்பில் தமிழில் கதைக்க ஆளில்லாமல் இருக்கும் பிள்ளைக்கும் இதைக் கேட்க ஒரு சீனியர் கிடைப்பதில்லை. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மொரட்டுவையில் இருப்பவர்களுக்கும் சில இடங்கள் உதவலாம்.

ஜீசொக், அதைப் போன்ற அவுட்ரீச்சி, எல்எஃப்எக்ஸ், கம்பெனிப் பயிற்சி ஆகிய நான்கில் எதற்கு முதலில் விண்ணப்பிப்பது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டத்தின் பெயரை வைத்துத் தெரிவு செய்யாதீர்கள். வரப்போகும் மாதங்களில் உங்களுக்கு உண்மையில் எத்தனை கிழமை ஓய்வு இருக்கிறது, எதை முதலில் செய்தால் எது பிறகு கிடைக்காமல் போகும், எந்த மென்பொருளின் நிரலை நீங்கள் ஏற்கனவே திறந்து பார்த்திருக்கிறீர்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விடை பெரும்பாலும் தானாகவே வந்துவிடும்.

ஜீசொக்: நேரத்தை வளைக்கலாம், ஆனால் கூட்டம் அதிகம்

பலருக்கு இன்னும் தெரியாத விஷயம், இதற்கு இப்போது மாணவராக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. 2022இலிருந்து 18 வயது நிரம்பிய, ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவரான யாரும் விண்ணப்பிக்கலாம். நம் நாட்டில் இதன் அர்த்தம் பெரியது. உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, கம்பஸ் தொடங்கும் வரை எத்தனை மாதங்கள் வீட்டில் இருக்கிறோம்! அந்தக் காலத்தில் ஏதோ ஒரு டிப்ளோமாவுக்குப் பணம் கட்டுவதைவிட, நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை இதற்குத் தயாராவது நல்லது.

வேலையின் அளவில் மூன்று வகை: 90 மணித்தியாலம், 175 மணித்தியாலம், 350 மணித்தியாலம். வழமையான காலம் 12 கிழமை. மென்டர் ஒத்துக்கொண்டால் 22 கிழமை வரை நீட்டலாம். மற்ற எந்தத் திட்டத்திலும் இந்த அளவுக்கு நெகிழ்வு கிடையாது. 175 மணித்தியாலத்தை 12 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு ஏறத்தாழ 15 மணித்தியாலம். விரிவுரைகளுக்கு நடுவில் சனி, ஞாயிறையும் இரண்டு மாலைகளையும் ஒதுக்கினால் முடியும். 350ஐ 12 கிழமையில் முடிக்க நினைத்தால் கிழமைக்கு 29 மணித்தியாலம் வேண்டும். செமஸ்டர் ஓடும்போது அது நடக்காது. அதையே 22 கிழமைக்கு நீட்டினால் கிழமைக்கு 16க்கு இறங்கிவிடும். ஆகவே பெரிய திட்டத்தைப் பார்த்துப் பயந்து ஒதுங்க வேண்டாம், நீட்டிக்க முடியுமா என்று விண்ணப்பத்துக்கு முன்பே மென்டரிடம் கேளுங்கள்.

உதவித்தொகை நாட்டுக்கு நாடு மாறும். அந்தந்த நாட்டின் வாங்கும் திறனை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அட்டவணையின் கீழ்ப்படி 90 மணித்தியாலத்துக்கு 750 டொலர், 175க்கு 1,500, 350க்கு 3,000. இலங்கையில் இருப்பவர் இந்தக் கீழ்ப்படித் தொகையை வைத்தே திட்டமிடுவது பாதுகாப்பு. டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் நடுத்தர அளவுக்கு நாலரை இலட்சம். இரண்டு மதிப்பீடுகள் உண்டு. இடைக்கால மதிப்பீட்டில் தேறினால் 45 வீதம் வரும், இறுதியில் தேறினால் மிச்சம் 55 வீதம். பணம் பேயோனியர் என்ற இணையப் பணப்பரிமாற்றச் சேவை வழியாக வருவதால் நமக்குச் சிக்கல் இல்லை. பேபால் கணக்கில் இலங்கையிலிருந்து பணம் பெற முடியாது என்பதால், எந்தத் திட்டமானாலும் பணம் எந்த வழியாக வரும் என்பதை முதலே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கூட்டம். 2025இல் 185 அமைப்புகள் பங்கெடுத்தன. 15,000க்கு மேற்பட்டோர் 23,000க்கு மேற்பட்ட முன்மொழிவுகளை (என்ன வேலையை எப்படிச் செய்யப்போகிறோம் என்று எழுதும் விண்ணப்பங்களை) அனுப்பினார்கள். எடுக்கப்பட்டவர்கள் 1,280 பேர். அதாவது ஏறத்தாழ பன்னிரண்டு பேருக்கு ஒருவர். இந்த எண்ணைப் பார்த்து மனம் சோரத் தேவையில்லை. அந்த 23,000இல் எத்தனையோ முன்மொழிவுகள், அமைப்பின் மென்பொருளைத் தன் கணினியில் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காதவர்கள் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதி வாங்கி அனுப்பியவை. மென்டர்களுக்கு அது முதல் பந்தியிலேயே தெரிந்துவிடும். உங்களுடைய உண்மையான போட்டி, அந்தத் திட்டத்தில் ஏற்கனவே இரண்டு மூன்று திருத்தங்கள் செய்து முடித்தவர்களோடுதான். ஒரு திட்டத்துக்கு அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள்.

இன்னொன்றையும் விளங்கி வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு அமைப்புக்கும் கூகுள் ஒதுக்கும் இடங்கள் அளவானவை. அமைப்பு ஆறு பேரை எடுக்க விரும்பினாலும் அத்தனை இடமும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. முதல் தடவை சேரும் அமைப்புகளுக்கு ஓரிரண்டு இடங்களே கிடைக்கலாம். நல்ல முன்மொழிவும் இடமில்லாமல் தவறிப்போவது இப்படித்தான். அதனால் அமைப்புகளின் பட்டியலைப் பார்க்கும்போது, அந்த அமைப்பு எத்தனை ஆண்டாகப் பங்கெடுக்கிறது, கடந்த ஆண்டில் எத்தனை பேரை எடுத்தது என்று பாருங்கள். இந்த விவரம் பொதுவிலேயே இருக்கிறது.

அவுட்ரீச்சி: பணம் அதிகம், கதவு குறுகியது

அவுட்ரீச்சியும் ஜீசொக் போல உதவித்தொகையோடு ஓப்பன் சோர்ஸ் பயிற்சி தரும் திட்டம். அது பெண்களுக்கு மட்டுமானது என்று நம்மிடையே ஒரு எண்ணம் இருக்கிறது. 2010இல் க்னோம் என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பு இதைப் பெண்களுக்காகத் தொடங்கியது உண்மை. இப்போது இதை சொஃப்ட்வெயார் ஃப்ரீடம் கொன்சர்வன்சி என்ற இலாபநோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. தன் நாட்டுத் தொழில்நுட்பத் துறையில் குறைந்த பிரதிநிதித்துவத்தையோ பாகுபாட்டையோ எதிர்கொள்ளும் எவரும் விண்ணப்பிக்கலாம். ஆண், பெண் என்ற கேள்வி இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கதைக்க விரும்புகிறேன். முதற்கட்ட விண்ணப்பத்தில் கட்டுரைக் கேள்விகள் வரும். உங்கள் நாட்டில் இந்தத் துறையில் உங்களைப் போன்றவர்கள் எவ்வளவு குறைவு, திறமையை வளர்த்துக்கொள்ளும்போது உங்களுக்கு என்ன தடைகள் வந்தன என்று கேட்பார்கள். நம் பிள்ளைகள் பலர் இதை எழுதக் கூச்சப்படுகிறார்கள். "எங்களுடைய கஷ்டத்தைச் சொல்லி இடம் வாங்குவதா?" என்று கேட்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். அந்தத் தன்மானம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இது இரக்கத்துக்கான மனு அல்ல. தோட்டத்துப் பாடசாலையில் கணினி ஆய்வுகூடம் இல்லாமல் படித்தது, பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு கம்பஸில் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடக்கும் குழு வேலைகளில் ஓரத்தில் நின்றது, ஆண் பிள்ளைகள் மட்டும் இரவு நேர ஹெக்கத்தோனுக்குப் போக வீட்டில் அனுமதி கிடைத்தது, இவையெல்லாம் நடந்த விஷயங்கள். நடந்ததை நடந்தபடி, இடமும் ஆண்டும் சேர்த்து எழுதுங்கள். பொதுவாக "தமிழர் சிறுபான்மையினர்" என்று எழுதினால் வாசிப்பவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. உங்கள் வகுப்பில் உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதினால் தெரியும்.

உதவித்தொகை 7,000 டொலர். எந்த நாட்டில் இருந்தாலும் இதே தொகைதான், குறைப்பு இல்லை. கிழமைக்கு 30 மணித்தியாலம், மூன்று மாதம். மணித்தியாலக் கணக்கில் பார்த்தால் நமக்கு ஜீசொக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் வரும். 300 ரூபாக் கணக்கில் இது 21 இலட்சம். 2025 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் வரி நிவாரணத்தைத் தாண்டும் தொகை இது. எனவே கணக்காளர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

தெரிவுமுறையும் வேறு. முதற்கட்ட விண்ணப்பத்தில் தேறியவர்களுக்கே திட்டங்களில் பங்களிக்கும் காலம் திறக்கும். ஒரு மாத அளவுக்கு அங்கே வேலை செய்து காட்ட வேண்டும், அதன் பிறகுதான் இறுதி விண்ணப்பம். காகிதத்தில் அழகாக எழுதத் தெரியாத, ஆனால் உட்கார்ந்து வேலை செய்யக்கூடிய பிள்ளைக்கு இந்த முறை நியாயமானது. ஒரு சுற்றுக்கு எடுப்பவர்கள் கொஞ்சப் பேர்தான், 2010இல் தொடங்கிய திட்டம் ஆயிரம் பயிலுநர்களை எட்டியதே 2023இல்தான்.

கொழும்பில் படிப்பவர்களுக்குப் பெரிய சிக்கல் நாட்காட்டிதான். பயிற்சிக் காலத்துக்குள் தொடர்ச்சியாக 49 நாட்கள் முழுநேரப் படிப்பு இல்லாமல் ஓய்வாக இருக்க வேண்டும் என்பது மாணவர்களுக்கான விதி. கல்வியாண்டு அட்டவணையைக் காட்டச் சொல்வார்கள். நம் அரச பல்கலைக்கழகங்களின் அட்டவணையோ கொரோனாவுக்குப் பிறகும் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகும் பட்ச்சுக்கு ஒரு விதமாக ஓடுகிறது. உங்கள் பட்ச்சுக்கு மே முதல் ஓகஸ்ட் வரையான காலத்தில் ஏழு கிழமை விடுமுறை விழுகிறதா என்று விண்ணப்பத்துக்கு முன்பே பீடாதிபதி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். விழுந்தால் அது பெரிய வாய்ப்பு. விழாவிட்டால் பட்டம் முடித்த பின்பும் விண்ணப்பிக்கலாம், டிசம்பர் சுற்றும் இருக்கிறது.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான ஒரு விதி. ஜீசொக்கில் ஏற்கனவே பங்கெடுத்தவர் அவுட்ரீச்சிக்கு விண்ணப்பிக்க முடியாது. ஜீசொக்கிலோ ஒருவர் இரண்டு தடவை வரை பங்கெடுக்கலாம். அவுட்ரீச்சிக்குத் தகுதி இருக்கும் பிள்ளை அவசரப்பட்டு 90 மணித்தியால ஜீசொக் ஒன்றை 750 டொலருக்குச் செய்து முடித்தால், 7,000 டொலர் கதவு அதோடு மூடிவிடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தகுதி இருக்கிறது, அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் 49 நாள் ஓய்வும் விழும் என்றால், முதலில் அவுட்ரீச்சிதான். என் மனதில் இதில் சந்தேகமே இல்லை.

எல்எஃப்எக்ஸ்: கொஞ்சம் முதிர்ந்தவர்களுக்கு

லினக்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் பயிற்சித் திட்டமான எல்எஃப்எக்ஸ் மென்டர்ஷிப் ஆண்டுக்கு மூன்று சுற்று நடக்கிறது: மார்ச் முதல் மே, ஜூன் முதல் ஓகஸ்ட், செப்டெம்பர் முதல் நவம்பர். குபர்நெட்டிஸ், புரோமீதியஸ் போன்ற கிளவுட் திட்டங்களில் வேலை செய்ய ஆசை என்றால் இதுதான் இடம். ஒரு சுற்றில் மூன்று திட்டங்கள் வரை விண்ணப்பிக்கலாம்.

நீளமான முன்மொழிவு பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். சுயவிவரமும் சில கேள்விகளுக்கு விடையும் போதும், சில திட்டங்கள் ஒரு சிறு கோடிங் சவாலும் கொடுக்கும். விண்ணப்பிப்பது சுலபம் என்பதால் பிரபலமான திட்டங்களில் ஒரு இடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் வருகிறார்கள். அந்த நூற்றுக்கணக்கில் உங்கள் பெயரை மென்டர் ஏற்கனவே அறிந்திருக்க வேண்டும். அதாவது அந்தத் திட்டத்தில் சில மாதமாவது நடமாடியிருக்க வேண்டும். தொகை நாட்டுக்கேற்ப 3,000 முதல் 6,600 டொலர் வரை. முழுநேரமாக 12 கிழமை என்பதால் கீழ்ப்படித் தொகையில் மணித்தியாலக் கணக்குப் பார்த்தால் மூன்றிலும் இதுதான் குறைவு. ஆனால் கோ (Go) என்ற நிரல்மொழி தெரிந்த, டொக்கரோடு பழகிய நான்காம் ஆண்டு மாணவருக்கு இதில் கிடைக்கும் அனுபவம் நேரே வேலைக்கு இட்டுச்செல்லும். இரண்டாம் ஆண்டில் இருப்பவர் இதைத் துரத்தத் தேவையில்லை.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக: கேடிஈ என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பு நடத்தும் சீசன் ஒஃப் கேடிஈ உதவித்தொகை இல்லாதது, ஆனால் ஆண்டுத் தொடக்கத்தில் நடப்பதால் ஜீசொக்குக்கு நல்ல ஒத்திகை. ஒக்டோபரில் ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புகளை ஊக்குவிக்கும் ஹெக்டோபர்ஃபெஸ்ட் மென்டர்ஷிப்பே அல்ல, அதைச் செய்து முடித்ததை வைத்து யாரும் உங்களை எடை போடமாட்டார்கள்.

கொழும்புக் கம்பெனிப் பயிற்சி: இதையும் அதையும் ஒன்றாகச் செய்யலாமா?

பெரும்பாலான பட்டப்படிப்புகளில் ஆறு மாத அளவில் தொழிற்பயிற்சி கட்டாயம். கட்டாயமானதை மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பயனில்லை, அதைச் செய்தே ஆகவேண்டும். கேள்வி, அதே காலத்தில் ஓப்பன் சோர்ஸ் திட்டத்தையும் எடுப்பதா என்பதுதான்.

மென்பொருள் நிறுவனங்கள் இருக்கும் மருதானை ட்ரேஸ் சிட்டியிலோ தெமட்டகொடை ஒரியன் சிட்டியிலோ காலை ஒன்பதிலிருந்து மாலை வரை வேலை. பிறகு 101ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெரிசலில் வெள்ளவத்தைக்கோ தெஹிவளைக்கோ வந்து சேர ஏழு, ஏழரை ஆகிவிடும். இதற்கு மேல் கிழமைக்கு 15 மணித்தியாலம் என்றால் தூக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். 90 மணித்தியாலத் திட்டம் சமாளிக்கக்கூடியது. 350ஐ நினைத்தே பார்க்க வேண்டாம். அவுட்ரீச்சி, எல்எஃப்எக்ஸ் இரண்டும் முழுநேரப் பயிற்சியோடு பொருந்தாது.

நேரத்தைவிட இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பயிலுநர் ஒப்பந்தங்கள் சிலவற்றில், பணிக்காலத்தில் நீங்கள் எழுதும் எல்லா நிரலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒரு சரத்து இருக்கும். அப்படி இருந்தால் நீங்கள் வெளியே ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு எழுதுவது இரண்டு பக்கத்துக்கும் பிரச்சினை. கையொப்பமிடும் முன்பு வாசியுங்கள். விளங்காவிட்டால் கேளுங்கள். அனுமதி தந்தால் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள், வாயால் சொன்னது போதாது. ஜீசொக்கைத் தொழிற்பயிற்சியாகவே ஏற்றுக்கொள்வார்களா என்பதையும் உங்கள் பிரிவின் பயிற்சிப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்பது நல்லது. பிரிவுக்குப் பிரிவு விடை மாறும்.

கம்பெனிப் பயிற்சியில் கிடைப்பதையும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரே மேசையில் மூத்த பொறியியலாளர் இருக்கிறார், முட்டுப்பட்டால் அரைமணி நேரத்தில் உதவி வரும். பயிற்சி முடிவில் அதே இடத்தில் வேலை கிடைக்கும் சாத்தியமும் உண்டு. ஓப்பன் சோர்ஸில் மென்டர் ஜேர்மனியில் இருந்தால் நமக்கு மாலை ஆறு மணி அவருக்குப் பிற்பகல் இரண்டரை, அது வசதி. அவர் கலிபோர்னியாவில் இருந்தால் அவருடைய காலை ஒன்பது நமக்கு இரவு ஒன்பதரை. கேள்வி கேட்டுவிட்டு அடுத்த நாள் விடைக்குக் காத்திருக்கும் பொறுமை வேண்டும். தனியாக இருந்து வேலை செய்யச் சிரமப்படும் பிள்ளை என்றால் முதலில் கம்பெனிப் பயிற்சியை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வருவது புத்திசாலித்தனம். வீட்டில் மாத வருமானம் உடனே தேவைப்படுபவருக்கும் அப்படியே. எடுக்கப்படுவோமா என்று தெரியாத ஒன்றுக்காக நிச்சயமான சம்பளத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வராது.

எதற்குப் போனாலும் முதலில் செய்யவேண்டியது

நான்கில் மூன்று வழிகளுக்கு ஒரே தயாரிப்புத்தான் தேவை, அதனால் எதைத் தெரிவு செய்வது என்று மாதக்கணக்கில் யோசிக்காமல் இந்த வேலையை உடனே தொடங்கலாம். ஜீசொக் அமைப்புகளின் பட்டியல் பெப்ரவரி பிற்பகுதியில் வரும், விண்ணப்பங்கள் மார்ச்சில் திறந்து மார்ச் இறுதிக்கும் ஏப்ரல் தொடக்கத்துக்கும் இடையில் மூடும். பட்டியல் வந்த பிறகு தொடங்குபவருக்கு ஒரு மாதம்தான் கிடைக்கும். ஒவ்வொரு ஆண்டும் திரும்பத் திரும்ப வரும் அமைப்புகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை ஒக்டோபர், நவம்பரிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

எதைப் பிடிப்பது? நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் மென்பொருளைப் பிடியுங்கள். தமிழில் எழுதுபவருக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா ஜீசொக்கிலும் அவுட்ரீச்சியிலும் பங்கெடுத்துவரும் அமைப்பு. தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்பத்தில் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர் இலங்கையரான மயூரநாதன். இன்றும் அதில் எழுதுபவர்கள் பலர் நம்மவர்கள். தமிழ் உள்ளீட்டில், தேடலில், மொழிபெயர்ப்புக் கருவியில் எங்கே பிழை இருக்கிறது என்று ஜேர்மனியில் இருக்கும் நிரலாளருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். லிப்ரே ஒஃபிஸில் தமிழ் எழுத்துகள் உடைந்து வரும் இடத்தைக் காட்டுவதும் அப்படித்தான். பிழையைத் தெளிவாக, படத்தோடும் படிமுறைகளோடும் பதிவு செய்வதே ஒரு நல்ல முதல் பங்களிப்பு. அதன் பிறகு ஆவணத்தில் ஒரு திருத்தம், பிறகு ஒரு சின்னப் பிழைத் திருத்தம், பிறகு ஒரு டெஸ்ட் என்று போகலாம். இலங்கையில் இருந்தே இயங்கும் ஸ்கோர் லெப் போன்ற அமைப்புகளும் ஜீசொக்கில் மாணவர்களை எடுத்திருக்கின்றன. நேர வித்தியாசம் இல்லாமல் தொடங்க விரும்புபவருக்கு அது உதவும்.

நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் கோட் அல்ல, கதைப்பது. பொது அரட்டையில் ஆங்கிலத்தில் கேட்கப் பயந்து, மென்டருக்குத் தனியாக "மதிப்புக்குரிய ஐயா" என்று நீளமான செய்தி அனுப்புகிறார்கள். அது மென்டர்களுக்கு மரியாதையாகத் தெரிவதைவிடச் சங்கடமாகத்தான் இருக்கும். அந்த உலகத்தில் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், அதில் மரியாதைக் குறைவு இல்லை. பொது இடத்தில் கேளுங்கள். என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, பிழைச் செய்தி என்ன என்று நான்கு வரி எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். அங்கே இருப்பவர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல. இலக்கணம் பார்த்து யாரும் உங்களை ஒதுக்குவதில்லை, முயற்சி செய்யாமல் கேட்பவரைத்தான் ஒதுக்குகிறார்கள்.

ஜீசொக்கில் மூன்று முன்மொழிவுகள் வரை அனுப்பலாம், எடுபடுவது ஒன்றுதான். மூன்றையும் அனுப்பச் சொல்பவர்கள் உண்டு. நான் அதற்கு உடன்படவில்லை. ஒன்றை ஆழமாக எழுதுங்கள், நேரமிருந்தால் அதே அமைப்பிலோ நெருங்கிய துறையிலோ இன்னொன்று. முன்மொழிவில் மென்டர் தேடுவது கிழமைவாரியான வேலைத்திட்டத்தையும், எந்தக் கோப்பில் எதை மாற்றப்போகிறீர்கள் என்ற தெளிவையும்தான். பரீட்சைக் கிழமைகளை மறைக்காமல் அதிலேயே எழுதுங்கள். "ஜூலையில் இரண்டு கிழமை பரீட்சை, அந்த நாட்களில் வேலை செய்யமாட்டேன், அதற்குப் பதிலாக முன்னும் பின்னும் இவ்வளவு செய்வேன்" என்று எழுதியிருப்பவரை மென்டர் நம்புகிறார். வரைவை மூடும் நாளுக்கு இரண்டு கிழமை முன்பாவது காட்டி அபிப்பிராயம் கேளுங்கள்.

விண்ணப்பம் மூடிய உடனே சித்திரைப் புத்தாண்டு வரும். ஊருக்குப் போய் ஒரு கிழமை லெப்டொப்பைத் திறக்காமல் இருப்பது நம் வழக்கம். ஆனால் மென்டர்கள் முன்மொழிவுகளை வாசித்துக் கேள்வி கேட்பது சரியாக அந்த நாட்களில்தான். யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போனாலும் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது மின்னஞ்சலையும் திட்டத்தின் அரட்டையையும் பாருங்கள். முடிவு வரும் வரை சின்னச் சின்னத் திருத்தங்களைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருப்பவருக்குச் சாதகம் உண்டு.

சரி, உங்கள் நிலைமைக்கு எது? உயர்தரம் முடித்துக் காத்திருப்பவருக்கும் முதல் இரண்டு ஆண்டுகளில் இருப்பவருக்கும், அவுட்ரீச்சித் தகுதி இல்லையென்றால், 175 மணித்தியால ஜீசொக். தகுதி இருந்தால், ஓய்வு விழும் ஆண்டுக்காகக் காத்திருந்து அவுட்ரீச்சி, அதற்கிடையில் அதே அமைப்பில் உதவித்தொகை இல்லாத பங்களிப்பு. தொழிற்பயிற்சி ஆண்டில் இருப்பவர் அந்த ஆண்டைக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டு, மிஞ்சும் நேரத்தில் ஒரு திட்டத்தோடு பழகிக்கொண்டிருக்கட்டும். இறுதி ஆண்டு ஆய்வை ஒப்படைத்துவிட்டு வேலை தேடும் இடைவெளியில் இருப்பவருக்கு எல்எஃப்எக்ஸின் செப்டெம்பர் சுற்றும், தகுதி இருந்தால் அவுட்ரீச்சியின் டிசம்பர் சுற்றும் பொருந்தும்.

மே தொடக்கத்தில் வரும் மின்னஞ்சலில் இல்லை என்று இருந்தால், மென்டரிடம் ஏன் என்று பணிவாகக் கேளுங்கள். பலர் நேர்மையாகச் சொல்வார்கள். இடம் போதவில்லை என்பதுதான் காரணம் என்றால், நீங்கள் எழுதிய அதே முன்மொழிவின் முதல் இரண்டு கிழமை வேலையை மட்டும் எடுத்துச் செய்துகாட்டுங்கள். இணைக்கப்பட்ட கோட் உங்கள் பெயரில் அங்கேயே இருக்கும். எல்எஃப்எக்ஸ் செப்டெம்பர் சுற்றுக்கான விண்ணப்பங்களும் அவுட்ரீச்சியின் டிசம்பர் சுற்றுக்கான முதற்கட்ட விண்ணப்பங்களும் ஓகஸ்ட் அளவில் திறக்கும். அதற்கு மூன்று மாதம் இருக்கிறது.